ஸ்டென்ட் வைத்தாயிற்று... அப்புறம்?

மாரடைப்பு வந்தவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் கூடத்தில் உட்கார இடம் இருக்காது. ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்சும் கையில் ஏந்தி உறவினர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். “அடைப்பை எடுத்துட்டாங்களாம், ஸ்டென்ட் வெச்சுட்டாங்களாம், இனிமே ஒண்ணும் பயமில்லை” என்று யாராவது ஒருவர் சொல்வார். எல்லாரும் தலையாட்டுவார்கள். வீட்டில் உள்ளவர்களும் அதைத்தான் நம்ப விரும்புவார்கள்.

அந்தப் பேச்சின் முன்பாதி சரி. பின்பாதியில்தான் சிக்கல். அடைப்பு நீங்கியது ரத்தக் குழாயில். குழாய் அடைபட்டிருந்த அந்தச் சில மணி நேரத்தில், ரத்தம் கிடைக்காமல் தவித்த இதயத் தசைக்கு என்ன ஆனது என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் சிலருக்கு மருத்துவமனையிலேயே தெரிந்துவிடும். சிலருக்கோ வீடு திரும்பிய பிறகு, வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து, மூச்சிரைப்பாகவும் கால் வீக்கமாகவும் வந்து நிற்கும். மருத்துவர்கள் அதை இதயச் செயலிழப்பு என்கிறார்கள். மாரடைப்பின் பின்விளைவுகளில் குடும்பங்கள் மிகக் குறைவாக அறிந்திருப்பதும், வீட்டிலிருந்தபடியே மிக எளிதாகக் கண்காணிக்கக்கூடியதும் இதுதான்.

மூன்று சொற்கள், மூன்று நோய்கள்

வானொலியில் வேலை பார்ப்பதால் சொற்கள்தான் என் பிழைப்பு. சுகாதார நிகழ்ச்சி நடத்தும்போதெல்லாம் மூன்று சொற்களை நேயர்கள் ஒன்றாக்கிக் கேட்பதைக் கவனித்திருக்கிறேன். மூன்றும் வேறு வேறு.

மாரடைப்பு என்பது குழாய்ச் சிக்கல். இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் படிந்திருக்கும் கொழுப்பு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுகிறது.

இதயத் துடிப்பு நின்றுபோவது மின்சாரச் சிக்கல். ஆள் அப்படியே சரிந்து விழுவார். நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்வதும், வீவக புளோக்குகளின் மின்தூக்கித் தளத்தில் மாட்டியிருக்கும் ஏஇடி கருவியை ஓடிப்போய் எடுத்து வருவதும் அதற்குத்தான்.

இதயச் செயலிழப்பு என்பது பம்புச் சிக்கல். இதயம் நிற்கவில்லை, துடிக்கிறது. ஆனால் உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை அதனால் தள்ள முடியவில்லை. பெயரைக் கேட்டதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று பல குடும்பங்கள் உடைந்துபோகின்றன. ‘இதயத் தளர்ச்சி’ என்று வைத்திருந்தால் பொருளும் பொருந்தும், பயமும் குறையும் என்று எனக்குத் தோன்றும்.

தசை இறந்தால் என்ன நடக்கும்?

நம் இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. இந்த வேலைக்கு எரிபொருள் தருபவை இதயத்தின் மேலே ஓடும் தமனிகள். அவற்றில் ஒன்று முழுதாக அடைபட்டால், அரை மணி நேரத்துக்குள் தசை இறக்கத் தொடங்குகிறது. அடைப்பு நீடிக்க நீடிக்க அந்தப் பகுதி விரிகிறது. மருத்துவமனை வாசலை மிதித்த 90 நிமிடத்துக்குள் குழாயைத் திறக்க வேண்டும் என்று மருத்துவர்கள் ஓடுவது இதனால்தான்.

தோலில் காயம் பட்டால் புதுத் தோல் வளரும். இதயத் தசை அப்படி வளர்வதில்லை. இறந்த இடத்தில் வெறும் தழும்பு உண்டாகும். தழும்பு சுருங்கி விரியாது. மிச்சமிருக்கும் தசை இரண்டு மடங்கு உழைக்கிறது. உடலும் உதவிக்கு வருவதாக நினைத்துக்கொண்டு, அட்ரினலின் போன்ற ஹார்மோன்களை ஏவி இதயத்தை விரட்டுகிறது. ரத்தம் போதவில்லை என்று தப்புக் கணக்குப் போடும் சிறுநீரகம், உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. சில நாளுக்கு இது கைகொடுக்கும். மாதக்கணக்கில் நீடித்தால் இதய அறை தளர்ந்து, உப்பிய பலூன்போல் பெரிதாகிறது. தேங்கும் நீர் நுரையீரலுக்கும் கால்களுக்கும் போகிறது.

நுரையீரலில் கேட்கும் சத்தம்

இந்த ஆபத்தை முதன்முதலில் ஒழுங்காக அளந்தது ஒரு ஸ்டெதஸ்கோப். 1967ல் நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவர்கள் தாமஸ் கில்லிப்பும் ஜான் கிம்பலும், மாரடைப்போடு வந்த 250 நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, நுரையீரலில் நீர் தேங்கியதற்கான ‘மொறுமொறு’ சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார்கள். காதருகே முடியைத் தேய்த்தால் வருமே, ஏறக்குறைய அந்தச் சத்தம்.

சத்தமே இல்லாதவர்களில் 6 விழுக்காட்டினர் இறந்தார்கள். லேசாகக் கேட்டவர்களில் 17 விழுக்காட்டினர். நுரையீரல் நிறைய நீர் கோத்தவர்களில் 38 விழுக்காட்டினர். ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களில் 81 விழுக்காட்டினர். ஸ்டென்ட் இல்லாத காலத்துக் கணக்கு இது. இன்றைய சிகிச்சையில் நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் கில்லிப் வகைப்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மாரடைப்பு எத்தனை பெரியது என்பதோடு, இதயம் தளர்ந்திருக்கிறதா என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது என்று அது காட்டியது.

பெரியப்பாவின் செருப்பு

என் பெரியப்பாவுக்கு 61 வயதில் மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரத்தில் கட்டிலை விட்டுவிட்டுக் கூடத்துச் சாய்வு நாற்காலியில் தூங்க ஆரம்பித்தார். “ரூம்ல ஏசி ஒத்துக்கலம்மா, படுத்தா மூச்சு முட்டுற மாதிரி இருக்கு” என்றார். ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றானது. ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து சன்னலோரம் போய் நின்றார். பசி இல்லை, ஆனால் வேட்டி இடுப்பில் இறுக்கியது. ‘வீட்டிலேயே உட்கார்ந்து தின்னுட்டு வெயிட் போட்டுட்டார்’ என்று பேசிக்கொண்டோம்.

கண்டுபிடித்தது பெரியம்மா. கோயிலுக்குப் போய்வந்து அவர் செருப்பைக் கழற்றியபோது, வார் இருந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. விரலால் கணுக்காலை அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது. அன்று மாலையே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். நுரையீரலில் நீர். நான்கு நாளில் உடல் எடை ஐந்து கிலோ குறைந்தது, அத்தனையும் தண்ணீர்.

விசாரித்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. நீர் பிரியும் மாத்திரையை அவர் பத்து நாளாகப் போடவில்லை. “எம்ஆர்டியில போறப்ப அடக்க முடியல, அதான்” என்றார் கூச்சத்தோடு. காலையில் போட வேண்டிய மாத்திரையை, வெளியே போகும் நாளில் வீடு திரும்பியதும் போடலாமா என்று கேட்டிருந்தால் தாதியே வழி சொல்லியிருப்பார். இப்போது அப்படித்தான் செய்கிறார்.

பெரியப்பாவிடம் இருந்த அறிகுறிகள் எல்லாமே பாடப்புத்தகத்தில் உள்ளவை. படுத்தால் மூச்சுமுட்டல், தலையணை கூடுதல், நள்ளிரவில் மூச்சுத்திணறி விழிப்பு, கால் வீக்கம், திடீர் எடை ஏற்றம், வயிற்று உப்புசம், நடந்தால் சீக்கிரம் களைப்பு. ஒவ்வொன்றுக்கும் வீட்டில் நாம் ஒரு சாதாரணக் காரணம் வைத்திருப்போம். வயசாகிவிட்டது, ஏசி, வாயு, தூக்கமின்மை. மாரடைப்பு வந்த வீட்டில் இந்தக் காரணங்களை உடனே நம்பிவிடக்கூடாது.

எக்கோ ‘மதிப்பெண்’

மாரடைப்புக்குப் பின் எக்கோ பரிசோதனையில் ஓர் எண்ணைச் சொல்வார்கள். ஒவ்வொரு துடிப்பிலும், இடது அறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை விழுக்காடு வெளியே போகிறது என்பதுதான் அந்த எண். “அப்பாவுக்கு 55தான் வந்திருக்கு, பாதிதான் வேலை செய்யுதாம்” என்று அழுதவர்களை எனக்குத் தெரியும். 55 என்பது நல்ல எண். எந்த இதயமும் நூற்றை எட்டுவதில்லை. 50க்கு மேல் இருந்தால் இயல்பு என்று பொதுவாகக் கொள்ளலாம். 41 முதல் 49 வரை லேசான குறைவு. 40 அல்லது அதற்குக் கீழ் என்றால் இதயத் தசை தளர்ந்திருக்கிறது. எண் நன்றாக இருந்தும் இதயம் விறைத்துப்போய்ச் செயலிழப்பு வருவதுண்டு. ஆகவே எண்ணோடு அறிகுறிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதல் எக்கோவின் எண் கடைசித் தீர்ப்பும் இல்லை. மாரடைப்பில் சில பகுதிகள் இறக்காமல் மயங்கி மட்டும் கிடக்கும். குழாய் திறந்தபின் நாட்களிலோ வாரங்களிலோ அவை விழித்துக்கொள்ளும். அதனால் சில வாரங்கள் கழித்து மறுபடி எக்கோ எடுப்பார்கள். அப்போதும் 35 அல்லது அதற்குக் கீழேயே நின்றால், ஆபத்தான துடிப்பைத் தடுக்கும் சிறு கருவியை நெஞ்சில் பொருத்துவது பற்றிப் பேசுவார்கள். அந்த இரண்டாவது எக்கோவைத் தவறவிடாதீர்கள்.

மாத்திரைப் பெட்டிக்குள்

“ஏழு மாத்திரையா? நோயைவிட மாத்திரையே கொன்னுடும்போல” என்று சலித்துக்கொள்ளாத நோயாளி இல்லை. ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரிந்தால் சலிப்பு கொஞ்சம் குறையும்.

ஆஸ்பிரினும் அதன் துணை மாத்திரையும் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் காப்பவை. துணை மாத்திரை வழக்கமாக ஓராண்டு வரை. பல் பிடுங்கப் போகிறேன் என்று நீங்களாகவே நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கொழுப்பு மாத்திரை, அடுத்த வெடிப்பைத் தடுக்க.

தளர்ந்த இதயத்துக்கென்று தனியாகச் சில மருந்துகள் உண்டு. அவற்றில் ஒரு வகையின் முன்னோடி கேப்டோபிரில். பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்தபோது கிடைத்த தடயத்திலிருந்து உருவானது. இதயத்தை உப்ப வைக்கும் ஹார்மோன்களின் சங்கிலியை அது அறுக்கிறது. 1992ல் வெளியான ஆய்வு ஒன்றில், மாரடைப்புக்குப் பின் இதயம் தளர்ந்திருந்த, ஆனால் வெளியே அறிகுறி தெரியாத 2,231 பேர் சேர்ந்திருந்தார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 25 பேர் இறந்தார்கள். கேப்டோபிரில் எடுத்தவர்களில் 20 பேர். அறிகுறி இல்லாதபோதும் மாத்திரை ஏன் என்ற கேள்விக்கு இதுதான் பதில். இந்த வகை மருந்தால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். மாத்திரையைக் குப்பையில் போடாமல் மருத்துவரிடம் சொன்னால், இருமல் தராத மாற்று மருந்து இருக்கிறது.

துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பு மருந்தை மிகச் சிறிய அளவில் தொடங்கி, சில வாரத்துக்கு ஒருமுறை கூட்டுவார்கள். ‘மாத்திரை ஏறிக்கிட்டே போகுது, நோய் முத்திடுச்சு’ என்று பயப்பட வேண்டாம். அப்படி ஏற்றுவதுதான் திட்டமே. நீரிழிவுக்கென்று வந்த ஒரு புதிய வகை மாத்திரை இதயத் தளர்ச்சிக்கும் உதவுவது 2019ல் உறுதியானது. அதனால் நீரிழிவு இல்லாதவருக்கும் அதைக் கொடுப்பார்கள். மருந்து மாறிவிட்டதோ என்று குழம்ப வேண்டாம். ஆனால் சஷ்டி, புரட்டாசி என்று விரதம் இருப்பவர்களும், வாந்தி வயிற்றுப்போக்கால் சாப்பிட முடியாதவர்களும் அந்த மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

இன்னொரு எச்சரிக்கை. முட்டி வலிக்கென்று கடையில் வாங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் உடலில் நீரைத் தேக்கும். மாரடைப்பு வந்தவர்கள் மருந்தாளரைக் கேட்காமல் எந்த வலி மாத்திரையும் போடக்கூடாது.

உப்புக் கணக்கு

உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. அதில் உள்ள சோடியம் 2,000 மில்லிகிராம். சிங்கப்பூரர்கள் சராசரியாக நாளுக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்வதாக 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வு சொன்னது. நல்ல இதயமே திணறும் அளவு. தளர்ந்த இதயத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

ஊறுகாய், அப்பளம், கருவாடு, சோயா சாஸ், உடனடி மீ பாக்கெட் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். உணவங்காடி நிலையத்தில் மீ சூப் வாங்கினால் சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிடலாம். பரோட்டாவைக் கறியில் குளிப்பாட்டாமல் தொட்டுச் சாப்பிடலாம். தண்ணீருக்கு மருத்துவர் வரம்பு வைத்திருந்தால் தேநீர், ரசம், மோர் எல்லாமே அந்தக் கணக்கில் சேரும்.

சோடியம் குறைந்த உப்பு இப்போது பேரங்காடிகளில் பரவலாகக் கிடைக்கிறது. பெரும்பாலோருக்கு அது நல்லது. ஆனால் அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. இதயத் தளர்ச்சிக்கான சில மருந்துகளும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றுபவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். ஆகவே இந்த நோயாளிகளும் சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

நமக்கு ஏன் கூடுதல் கவலை?

சிங்கப்பூரில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாரடைப்புகள் பதிவாகின்றன. வயது வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்தால், சீனர்களைவிட மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் விகிதம் அதிகம். 2007ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. ஆறு ஆண்டு முன்னதாக வருகிறது என்றால், தழும்போடு வாழ வேண்டிய காலமும் அவ்வளவு கூடுகிறது. பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வயது, வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் வயது.

இறக்கும் தசையின் அளவைக் குறைக்க முதல் வழி, நேரத்தைக் குறைப்பது. நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடை வலி, குளிர்ந்த வியர்வை என்றால் கோடாலித் தைலம் தேய்த்து, இஞ்சித் தண்ணீர் குடித்து, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் குமட்டலும் மட்டும் வரலாம். 995ஐ அழையுங்கள். டாக்சி பிடித்துப் போவதைவிட அதுவே நல்லது. சிகிச்சை வண்டியிலேயே தொடங்கிவிடும்.

வீடு திரும்பும் நாளில்

அப்பாவையோ அம்மாவையோ அழைத்துவரப் போகும் மகன், மகள்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்று காலை அரைநாள் விடுப்பு எடுங்கள். மருந்துப் பையோடு ஐந்து கேள்விகளுக்கான பதிலையும் வாங்கி வாருங்கள். எக்கோ எண் எவ்வளவு, அடுத்த எக்கோ எப்போது? எந்த மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது? இன்றைய எடை எவ்வளவு, எத்தனை கூடினால் யாரை அழைப்பது? தண்ணீருக்கு வரம்பு உண்டா? இதய மறுவாழ்வுப் பயிற்சி எப்போது தொடங்கலாம்? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கண்காணிப்போடு செய்யும் உடற்பயிற்சி இதயத்துக்கு மருந்துபோல் உதவும். மருத்துவமனைகளிலும் சிங்கப்பூர் இதய அறநிறுவனத்திலும் அதற்கு வசதி உண்டு. செலவைப் பற்றிக் கவலை இருந்தால் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

பிறகு, கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் எடை பார்க்கும் கருவியை வெளியே எடுங்கள். தினமும் காலையில் கழிப்பறை போய்வந்து, பசியாறுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்து நாட்காட்டியில் குறிக்கச் சொல்லுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால், கால் வீங்கினால், தலையணை கூடினால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கோ பலதுறை மருந்தகத்துக்கோ அழையுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ 995.

தொலைவில் வேலை பார்ப்பவர்கள் காலையில் அந்த எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். “சாப்பிட்டீங்களாப்பா?” என்று தினமும் கேட்கிறோம். கூடவே “இன்னிக்கு எடை எவ்வளவுப்பா?” என்றும் கேளுங்கள்.